கண்ணால் இரை தேடும் உப்புக்கொத்திகள்

ஏரி வற்றிய சேற்றிலோ, உப்பளத்திலோ, கடற்கரை ஈரமணலிலோ பழுப்பும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னப் பறவைகள் ஓடித் திரிவதைப் பார்த்திருப்பீர்கள். பறவை பார்க்க ஆரம்பிக்கிறவர்கள் மைனா, மீன்கொத்தி, கொக்கு, நீர்க்காகம் என்று வேகமாகக் கற்றுக்கொண்டு போவார்கள், இந்த இடத்துக்கு வந்ததும் முட்டிக்கொண்டு நிற்பார்கள். கையேட்டைத் திறந்தால் பக்கம் பக்கமாக ஒரே பழுப்புப் பறவைதான். அதிலும் குளிர்காலத்தில் நம் பக்கம் வரும்போது பெரும்பாலானவை அழகான இறகுகளை எல்லாம் உதிர்த்துவிட்டு மங்கிப்போய்த்தான் வருகின்றன. அதனால் பலர் "ஏதோ ஒரு உள்ளான்" என்று எழுதிவைத்துவிட்டு அடுத்த பறவைக்குப் போய்விடுகிறார்கள்.

நிறத்தை விட்டுவிடுங்கள். ஒரு பறவையைத் தேர்ந்தெடுத்து இரண்டு நிமிடம் அது எப்படிச் சாப்பிடுகிறது என்று மட்டும் பாருங்கள். அது இரையைக் கண்ணால் தேடுகிறதா, அலகால் துழாவித் தேடுகிறதா என்று தெரிந்துவிட்டால் கரையோரப் பறவைக் குழப்பத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். கண்ணால் தேடுகிற கூட்டம்தான் உப்புக்கொத்திகள். துழாவுகிற கூட்டத்தில் பெரும்பகுதி உள்ளான்கள். விதிவிலக்குகள் உண்டு, பின்னால் வருகிறேன்.

கரையோரப் பறவைகள் என்று சொல்லும்போது கொக்கு, நாரை, அரிவாள்மூக்கன் இவற்றைச் சேர்க்கக் கூடாது. அவையும் நீரில் நடப்பவைதான், ஆனால் வேறு வம்சம். நாம் பேசுவது கராட்ரீஃபார்மீஸ் என்ற பெரிய வரிசையைச் சேர்ந்த, பெரும்பாலும் சின்ன உருவமும் கூரிய இறக்கையும் கொண்ட, நீரும் நிலமும் சந்திக்கும் விளிம்பில் பிழைக்கிற பறவைகளைப் பற்றி. அந்த வரிசைக்குள் இரண்டு பெரிய குடும்பங்கள். ஒன்று உப்புக்கொத்திகளின் குடும்பம், உலகம் முழுக்க ஏறத்தாழ எழுபது இனங்கள். நம் ஊர் ஆட்காட்டியும் இதில்தான் வரும். இன்னொன்று உள்ளான்களின் குடும்பம், அதில் தொண்ணூறுக்கும் மேல். கோட்டான் (ஆந்தை இல்லை, வளைந்த நீள அலகுள்ள கரையோரப் பறவை), மூக்கன், பவளக்காலி, கொசு உள்ளான் எல்லாம் அந்தப் பக்கம்.

உப்புக்கொத்தி இரை தேடும் விதத்தை ஒருமுறை கவனித்துவிட்டால் அப்புறம் மறக்காது. கொஞ்ச தூரம் விறுவிறு என்று ஓடும். சட்டென்று நிற்கும், நிமிர்ந்து அசையாமல் நிற்கும். ஏதாவது கண்ணில் பட்டால் நாலு எட்டு ஓடிக் குனிந்து ஒரே கொத்து. ஒன்றும் படவில்லை என்றால் இன்னும் கொஞ்ச தூரம் ஓடி மறுபடி நிற்கும். ஓட்டம், நிறுத்தம், கொத்து, இவ்வளவுதான். உள்ளானைப் பாருங்கள், அது குனிந்த தலை நிமிராமல் சேற்றைக் குத்திக்கொண்டே நடக்கும், நிற்கவே நேரமில்லை என்பது போல. தூரத்தில் வெறும் கரும்புள்ளிகளாகத் தெரிகிற கூட்டத்தில்கூட இந்த இரண்டு நடைகளையும் பிரித்துவிடலாம், பைனாகுலர் இல்லாமலேயே.

உடலமைப்பும் இதற்குத் தகுந்த மாதிரிதான் அமைந்திருக்கிறது. உப்புக்கொத்திக்கு உருண்டைத் தலை, குட்டைக் கழுத்து, உருவத்துக்கு மீறிய பெரிய கரிய கண்கள், நுனி லேசாகப் புடைத்த குட்டை அலகு. மேலே தெரிகிற புழுவையும் பூச்சியையும் சின்ன நண்டையும் எடுக்க இந்த அலகு போதும். ஓடுகிற பறவை என்பதால் காலில் பின்விரல் பெரும்பாலான இனங்களுக்குக் கிடையாது. சாம்பல் உப்புக்கொத்திக்குப் பேருக்கு ஒரு துளி பின்விரல் இருக்கும்.

உள்ளான்களின் அலகு இதைவிடச் சிக்கலான கருவி. வெளியிலிருந்து பார்த்தால் நீளமான குச்சி, அவ்வளவுதான். ஆனால் நுனி எலும்பில் தேன்கூடு போல நுண்ணிய குழிகள் இருக்கின்றன, அந்தக் குழிகளுக்குள் அதிர்வையும் அழுத்தத்தையும் உணரும் நரம்பு முனைகள் நிறைந்திருக்கின்றன. சேற்றுக்குள் அலகைச் செருகியபடியே மேலலகின் நுனியை மட்டும் வளைத்துத் திறந்து புழுவைப் பிடித்துவிட முடியும், முழு வாயையும் திறக்க வேண்டியதில்லை. ரெட் நாட் என்று ஓர் உள்ளான் இருக்கிறது, அது இன்னும் ஒரு படி மேல். ஈரமணலில் அலகைக் குத்தும்போது மணல் துகள்களுக்கு இடையே உள்ள நீரில் அழுத்தம் எழும் அல்லவா, பக்கத்தில் சிப்பி ஏதாவது புதைந்திருந்தால் அந்த அழுத்தம் மாறும், அந்த மாற்றத்தை அலகு நுனி உணர்ந்துவிடுகிறது. தொடாமலேயே சிப்பி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1990-களில் இதைச் சோதனை செய்து காட்டினார்கள்.

சரி, கண்ணால் தேடினால் என்ன, அலகால் தேடினால் என்ன, அதனால் வேறு எதுவும் மாறுமா என்று கேட்டால், நிறைய மாறும். முதலாவது, கூட்டம். சேற்றுப் புழுக்கள் வளைக்குள் இருக்கும், மேலே தலை நீட்டும்போதுதான் உப்புக்கொத்திக்குத் தெரியும். பக்கத்தில் இன்னொரு பறவை தடதடவென்று நடந்தால் புழு உள்ளே போய்விடும், இரண்டு பேருக்கும் பட்டினி. அதனால் உப்புக்கொத்திகள் சாப்பிடும்போது இடைவெளி விட்டுப் பரவி நிற்கும். சாம்பல் உப்புக்கொத்திகளில் சில, குளிர்காலம் முழுக்கச் சேற்றில் ஒரு துண்டு இடத்தைத் தனக்கென்று பிடித்துக்கொண்டு, உள்ளே வருகிற மற்ற சாம்பல் உப்புக்கொத்திகளை விரட்டிக்கொண்டே இருக்கும். துழாவுகிற உள்ளான்களுக்கு இந்தக் கவலை குறைவு. புழு கீழே போனாலும் அலகு எட்டும். அதனால் அவை நெருக்கிக்கொண்டு கூட்டமாக மேயும்.

இதற்கு நல்ல சாட்சி பவளக்காலி. உள்ளான் குடும்பம்தான், ஆனால் அது இரண்டு விதமாகவும் இரை தேடும். பகலில் கண்ணால் பார்த்துக் கொத்தும்போது ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும், இருட்டில் அலகால் துழாவும்போது நெருங்கிவிடும். ஒரே பறவை, தேடும் முறை மாறியதும் பழகும் முறையும் மாறிவிடுகிறது. பரவி நிற்பது உப்புக்கொத்திகளின் குணம் என்பதைவிட, கண்ணால் தேடுவதன் விளைவு என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்படியானால் இரவில் உப்புக்கொத்திகள் என்ன செய்யும்? தூங்கும் என்று நினைத்தால் தவறு. கடல் ஏறி இறங்குவது சூரியனைப் பார்த்து நடப்பதில்லையே, நடுராத்திரியில் நீர் வற்றினால் நடுராத்திரியில்தான் சாப்பாடு. அந்தப் பெரிய கண்கள் அப்போதுதான் முழுசாக உதவுகின்றன. மங்கிய ஒளியை உணரும் குச்சிச் செல்கள் இவற்றின் விழித்திரையில் நிறைய. நீர் ஏறிவிட்டால் சேறு மூழ்கிவிடும், அப்போது பகலோ இரவோ எல்லாம் ஒரு மேட்டில் ஒன்றாகக் கூடி ஓய்வெடுக்கும். சாப்பிடும்போது பரவி நின்றவைதான் ஓய்வில் கூட்டமாக நிற்கும். பருந்தோ வல்லூறோ வந்தால் பல கண்கள் பார்ப்பது நல்லதுதானே.

இன்னொரு வித்தை இருக்கிறது. உப்புக்கொத்தி சில சமயம் ஒரு காலை முன்னால் நீட்டி, ஈரமணலின் மேல் படபடவென்று நடுங்க வைக்கும். குளிரில் நடுங்குகிறதோ என்று தோன்றும், காரணம் அதுவல்ல. அந்த அதிர்வில் கீழே ஒளிந்திருக்கும் சின்ன உயிர்கள் அசையும், அசைந்தால் கண்ணில் படும். அசைவு கண்ணில் பட வேண்டும், அது இல்லாமல் உப்புக்கொத்திக்குப் பிழைப்பில்லை.

குட்டை அலகில் எல்லா உப்புக்கொத்தியும் ஒரே மாதிரி என்றும் நினைத்துவிடாதீர்கள். நியூசிலாந்தில் ரைபில் என்று ஓர் உப்புக்கொத்தி உண்டு. அதன் அலகு மேலேயோ கீழேயோ வளையவில்லை, பக்கவாட்டில், எப்போதும் வலது பக்கமாகவே வளைந்திருக்கும். இப்படி அலகு பக்கவாட்டில் வளைந்த பறவை உலகில் இது ஒன்றுதான். ஆற்றுக் கூழாங்கற்களுக்கு அடியில் அலகை நுழைத்துப் பூச்சிகளை எடுப்பதற்கு அந்த வளைவு வசதி. எனக்குப் பிடித்த விஷயம் இதற்கு அடுத்தது: மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு அண்மைய ஆண்டுகளில் பேரினங்களை மாற்றி அடுக்கியபோது, நம் கடற்கரையில் ஓடும் சின்ன உப்புக்கொத்திகள் பலவற்றை இந்த ரைபிலின் பேரினத்துக்கே மாற்றிவிட்டார்கள். பழைய கையேடுகளில் கராட்ரியஸ் என்று இருப்பது புதிய பட்டியல்களில் அனரிங்கஸ் என்று இருந்தால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம்.

வம்சாவளியைப் பேச ஆரம்பித்ததால் முக்கியமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உப்புக்கொத்தியும் உள்ளானும் ஒரே சேற்றில் மேய்கின்றன, ஒன்றாகப் பறக்கின்றன, கையேட்டில் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கின்றன. அதனால் நெருங்கிய சொந்தம் என்று தோன்றும். மரபணு சொல்வது வேறு. கராட்ரீஃபார்மீஸ் வரிசை மூன்று பெரிய கிளைகளாகப் பிரிகிறது. முதல் கிளையில் உப்புக்கொத்திகளும் ஆட்காட்டிகளும், கூடவே சிப்பிபிடிப்பான், நெடுங்கால் உள்ளான், கோணமூக்கு உள்ளான், கண்கிலேடி ஆகியவையும். இரண்டாவது கிளையில் உண்மையான உள்ளான்கள், கோட்டான்கள், மயில் உள்ளான், இலைக்கோழி. மூன்றாவதில் கடற்காகங்களும் ஆலாக்களும். இதில் முதல் கிளைதான் முதலில் பிரிந்து போயிருக்கிறது. அதாவது உள்ளானுக்கு உப்புக்கொத்தியைவிடக் கடற்காகமும் ஆலாவும்தான் நெருங்கிய சொந்தம்! மெரினாவில் அலைக்கு மேல் மீனுக்காகச் சுற்றுகிற ஆலாவையும், கூவம் கழிமுகச் சேற்றில் குத்திக்கொண்டிருக்கும் உள்ளானையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம்பத்தான் கஷ்டமாக இருக்கும்.

நெடுங்கால் உள்ளானைப் பாருங்கள், பெயரில் உள்ளான் இருக்கிறது, கிளையோ உப்புக்கொத்தியின் கிளை. நண்டுதின்னி என்ற அழகான கறுப்பு வெள்ளைப் பறவை மன்னார் வளைகுடாப் பக்கம் குளிர்காலத்தில் வரும். கண்ணால் பார்த்து, ஓடி, நின்று நண்டு பிடிக்கும், ஆங்கிலத்திலும் அதை உப்புக்கொத்தி வகையாகத்தான் அழைக்கிறார்கள். ஆனால் அது தனிக் குடும்பம், கடற்காகங்களின் கிளையைச் சேர்ந்தது. போதாக்குறைக்கு கரையோரப் பறவைகளில் வேறு எதுவும் செய்யாத மாதிரி மணலில் வளை தோண்டி, வெள்ளை முட்டை இடும். முதலையின் வாயில் பல் சுத்தம் செய்வதாகப் பழங்காலத்திலிருந்து கதை கட்டப்பட்ட எகிப்தியப் பறவையும் உப்புக்கொத்தி இல்லை, அதுவும் தனிக் குடும்பம். (அந்தப் பல் சுத்தத்துக்கு நம்பகமான ஒரு புகைப்படம்கூட இதுவரை கிடையாது.) எதிர்ப்பக்கம், கல்திருப்பி என்று ஒரு பறவை, குட்டை அலகும் கட்டையான உடம்புமாகப் பார்வைக்கு உப்புக்கொத்தி மாதிரியே இருக்கும், ஆனால் உள்ளான் குடும்பம். நான் சொன்ன விதிவிலக்குகள் இவைதான்.

ஆட்காட்டியை உப்புக்கொத்திக் குடும்பம் என்று சொன்னதும் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம், ஏனென்றால் அதைக் கடலோரத்தில் தேட வேண்டியதில்லை, வயல் வரப்பிலும் தரிசிலும் கிரிக்கெட் மைதானத்திலும் பார்க்கலாம். கண்ணருகே சிவப்புத் தொங்குசதை உள்ளது நீர் இருக்கும் பக்கம் அதிகம், மஞ்சள் தொங்குசதை உள்ளது வறண்ட மேட்டில் அதிகம். ஆள் வருவதைக் கத்தி ஊருக்கே சொல்லிவிடும். பாலைவழியில் போகும் வணிகர்களை எச்சரிக்கும் நெடுங்கால் கணந்துள் என்று சங்கப் பாடலில் வருவது இந்த ஆட்காட்டிதான் என்று பலர் சொல்கிறார்கள், பறவையின் நடத்தையைப் பார்த்தால் பொருத்தமாகவே இருக்கிறது. ஓடி நின்று கொத்தும் அந்த நடையை நன்றாகப் பழக வேண்டும் என்றால் கடற்கரைக்குப் போவதற்கு முன் வீட்டுக்குப் பக்கத்துத் தரிசில் ஓர் ஆட்காட்டியைப் பாருங்கள். பெரிய பறவை, கால் நீளம், எல்லாம் தெளிவாகத் தெரியும்.

கூடு விஷயத்திலும் ஆட்காட்டியும் சின்ன உப்புக்கொத்திகளும் ஒரே மாதிரிதான். கூடு என்று ஒன்று கட்டுவதில்லை. தரையில் சின்னப் பள்ளம், ஓரத்தில் கொஞ்சம் கூழாங்கல்லோ கிளிஞ்சல் துண்டோ, அதில் மூன்று அல்லது நான்கு முட்டைகள். புள்ளியும் கோடுமாக மண் நிறத்திலேயே இருப்பதால் காலடியில் கிடந்தாலும் தெரியாது. யாராவது நெருங்கினால் தாய்ப்பறவை இறக்கை ஒடிந்தது போலத் தரையில் இழுத்துக்கொண்டு எதிர்த்திசையில் போகும், துரத்திக்கொண்டு கொஞ்ச தூரம் போனபின் சாதாரணமாகப் பறந்துவிடும். கொளுத்தும் வெயிலில் முட்டை வெந்துபோகாமல் இருக்கப் பெற்றோர் நீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து உட்காரும். குஞ்சுகள் பொரித்த சில மணி நேரத்தில் ஓட ஆரம்பித்து, தாமே இரை தேடும். ஆபத்து என்றால் அப்படியே தரையோடு படுத்து உறைந்துவிடும். தப்பிக்க அவற்றுக்கு இருக்கும் ஒரே வழி அசையாமல் இருப்பது, அதனால்தான் கடற்கரையில் வண்டி ஓட்டுவது இவ்வளவு மோசமான காரியம். வண்டிச் சக்கரத்துக்கு முன்னால் அசையாமல் படுத்தால் என்ன ஆகும்?

நம்மிடம் இருக்கும் உப்புக்கொத்திகளில் சில இங்கேயே முட்டையிடுபவை, பல குளிர்கால விருந்தாளிகள். ஆகஸ்டிலேயே வர ஆரம்பித்து ஏப்ரல், மே வரை இருக்கும். கோடியக்கரை, பழவேற்காடு, தூத்துக்குடி உப்பளங்கள், ராமேசுவரம், கடலுக்கு அந்தப் பக்கம் மன்னார், யாழ்ப்பாணக் கடனீரேரிகள் எல்லாம் நல்ல இடங்கள். திபெத்திய மேட்டுநிலத்திலும் லடாக்கிலும் முட்டையிட்ட மணல் உப்புக்கொத்தி, இமயத்தைத் தாண்டி வந்து நம் சேற்றில் புழு தின்னும். பசிபிக் பொன்னிற உப்புக்கொத்தி சைபீரியாவின் தூந்திரத்திலிருந்து வரும், அதே இனத்தில் அலாஸ்காவில் பிறந்தவை ஹவாய்த் தீவுகளுக்குப் போகும். இடையில் இறங்க ஒரு திட்டு நிலம் கிடையாது, ஏறத்தாழ 4,800 கிலோமீட்டரை மூன்று நான்கு நாளில் ஒரே மூச்சில் கடக்கின்றன. இதில் வேடிக்கை, பெற்றோர் முதலில் கிளம்பிவிடும். அந்த வருடம் பிறந்த குஞ்சுகள் பிறகு தனியாகக் கிளம்பி, ஒருமுறைகூடப் பார்த்திராத தீவைக் கண்டுபிடித்துப் போய்ச் சேருகின்றன.

தமிழ் வாசகர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று ஹனுமான் உப்புக்கொத்தி. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் ஆண்டு முழுக்க வாழும் சின்னப் பறவை. 1915-லேயே விவரிக்கப்பட்டுவிட்டது, ஆனால் பல பத்தாண்டுகளாக அதைக் கென்டிஷ் உப்புக்கொத்தியின் ஓர் உள்ளினமாக மட்டுமே வைத்திருந்தார்கள். இலங்கை ஆய்வாளர்களும் சீன, பிரிட்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து மரபணுவையும் உடல் அளவுகளையும் ஒப்பிட்டு, 2023-ல் இது தனி இனம் என்று காட்டினார்கள். இறக்கை, வால், அலகு மூன்றும் கென்டிஷைவிடக் குட்டை, நீண்ட பயணம் போகாத பறவைக்கு நீண்ட இறக்கை எதற்கு? இந்தியாவையும் இலங்கையையும் இணைக்கும் பாலத்தின் கதையை வைத்துத்தான் ஹனுமான் பெயரைக் கொடுத்தார்கள். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து கென்டிஷ் உப்புக்கொத்திகளும் வந்து சேர்ந்துகொள்வதால் அப்போது பிரித்துப் பார்ப்பது தலைவலி. மே, ஜூன் வெயிலில் மன்னார்ப் பக்கம் ஒரு சின்ன உப்புக்கொத்தி, முழுமையாகச் சேராத மார்புப் பட்டையோடு, குஞ்சை மேய்த்துக்கொண்டிருந்தால் அது அநேகமாக ஹனுமான்தான்.

களத்துக்குப் போகும்போது எதிலிருந்து ஆரம்பிப்பது? ஆட்காட்டிகள் இரண்டையும் முதலில் முடித்துவிடுங்கள். அப்புறம் பட்டாணி உப்புக்கொத்தி, ஏரி, குளம், ஆற்றுமணலில் கிடைக்கும், கழுத்தைச் சுற்றி முழுக் கறுப்பு வளையம், கண்ணைச் சுற்றிப் பளிச்சென்ற மஞ்சள் வளையம், சந்தேகத்துக்கே இடமில்லை. அடுத்து பெரியவை இரண்டு. பொன்னிற உப்புக்கொத்தி முதுகில் தங்கத் தூள் தெளித்தாற்போல இருக்கும், சேற்றைவிடப் புல்வெளியில் அதிகம். சாம்பல் உப்புக்கொத்தி கடலோரத்தை விட்டு அதிகம் உள்ளே வராது, பறக்கும்போது இறக்கைக்கு அடியில், அக்குள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கரிய திட்டு தெரியும், அது வேறெந்த உப்புக்கொத்திக்கும் இல்லை. மிச்சம் இருப்பவை மணல் உப்புக்கொத்திகள். சின்னது ஒன்று என்று இருந்ததையும் இப்போது சைபீரியது, திபெத்தியது என்று இரண்டாக்கிவிட்டார்கள், பெரியது தனி. பெரியதற்கு அலகு நீளமாகவும் தடிப்பாகவும் இருக்கும், கால் வெளிறிய பச்சை கலந்து தெரியும் என்று கையேடுகள் சொல்லும், ஆனால் காலில் சேறு அப்பியிருக்கும்போது அதை யார் பார்ப்பது? முதல் வருடம் "மணல் உப்புக்கொத்தி" என்று மட்டும் எழுதிவிட்டு நகருங்கள், ஏப்ரலில் அவற்றின் மார்பு செங்கல் நிறமாக மாறும்போது ஒருமுறை திரும்பப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.